அம்மாவின் அழுகைக்குப் பதில் ஒரு விசில்

என் நைனாவின் சாவு வீடியோவைத் திறந்தால் முதலில் ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே பிரியாணி மசாலா பாக்கெட்டைக் கிழிப்பாள். சட்டியில் கொட்டிக் கிளறி, ஒரு வாய் எடுத்துத் தின்று, கண்ணை மூடி ரசிப்பாள். அவள் தின்று முடித்த பிறகுதான் நைனாவின் முகம் வரும். தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு, மூக்கில் பஞ்சு. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். நைனாவைப் பார்த்து இல்லை.

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. அழுவதற்காக இதை எழுதவில்லை. அழுது முடித்தாகிவிட்டது. அருவருப்பு மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது. அதை எங்கே கொண்டுபோய்த் துப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் எங்கள் ஊர். நைனா ஊராருடைய நிலத்தில் டிராக்டர் ஓட்டினார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வாக்கப்பட்டதும் அதே ஊர்தான், இரண்டு தெரு தள்ளி. எனக்குக் கீழே ஒரே தம்பி. அவனும் நைனாவோடு டிராக்டர்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். போன வருஷம் கல்யாணம் ஆயிற்று. பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது குவைத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினான்.

நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைத்தாச்சியை விட்டுவிட்டு எவன் கிளம்புவான் என்று ஒரு வாரம் கத்தினார். கிளம்புகிற அன்றைக்கு ஆளையே காணோம். ஏர்போர்ட் போகிற வேன் வாசலில் நிற்கிறது, ஊரே வந்து வழியனுப்புகிறது, பெற்ற தகப்பனைக் காணவில்லை. தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். வேனில் ஏறும்போது எல்லார் காதிலும் விழும்படி அம்மாவிடம், "அந்தாள் செத்தாகூட நான் வரமாட்டேன்னு சொல்லிடு" என்றான். அம்மா அவன் வாயைப் பொத்தப் போனாள். அதற்குள் வேன் கதவை இழுத்துச் சாத்திவிட்டான்.

சொன்னது அப்படியே நடந்தது. மார்புவலி என்று நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலு நாள் நன்றாகத்தான் இருந்தார். பிறகு போய்விட்டார். தம்பி பாஸ்போர்ட் அவன் வேலை செய்கிற இடத்து முதலாளியிடம் இருந்தது. லீவு கேட்டுக் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறான். நடக்கவில்லை. அன்றைக்கும் அவனை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். போனில் என்னிடம் அவன் அழவில்லை. "என் வாயாலயே சொன்னேன் இல்லக்கா" என்று மட்டும் சொன்னான். அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது.

அவன் பார்க்கட்டும் என்றுதான் சித்தப்பா சேனல்காரனை வரவழைத்தார். உத்திரமேரூர் பஜாரில் ஒரு மாடியில் அவன் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். முன்பு கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தவன். இப்போது நல்லது கெட்டது எதுவானாலும் லைவ் போட்டு, அதைத் தன் சேனலிலேயே வைத்துக்கொள்கிறான். வெளிநாட்டில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். கல்யாணத்தைவிட சாவுக்குத்தான் கூட்டம் சேர்கிறது என்று அவனே ஒரு முறை என்னிடம் பெருமையாகச் சொன்னான். அதைச் சொல்ல வாய் கூசவில்லை அவனுக்கு.

வந்ததும் நைனாவுக்கு மாலை போடுவான் என்று பார்த்தேன். நேராக மைக் செட்காரரிடம் போனான். எங்கள் பக்கத்தில் உயிர் பிரிந்த உடனே குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டுவிடுவார்கள். சினிமாவில் வந்த சோகப் பாட்டுகள்தான். அதிலும் ஒரு பாட்டு உண்டு, எந்தச் சாவானாலும் அதுதான் முதலில் ஒலிக்கும். அது காதில் விழுந்தால் சமைத்துக்கொண்டிருப்பவள் கரண்டியை வைத்துவிட்டு யார் வீட்டில் என்று வெளியே வந்து பார்ப்பாள். அந்தப் பாட்டைத்தான் நிறுத்தச் சொன்னான் சேனல்காரன். காப்பிரைட் பிரச்சனை வரும், சினிமாப் பாட்டு வேண்டாம் என்றான். மைக் செட்காரர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவுக்கு வந்ததே ஆத்திரம். "பாட்டு இல்லாம எடுக்கறதுக்கு இன்னா அநாதப் பொணமா?" என்று கேட்டுவிட்டு, சத்தத்தை இன்னும் கூட்டி வைக்கச் சொன்னார். ஸ்பீக்கரைக் கட்டியிருந்தது பந்தல் காலில். அதற்கு நேர் கீழேதான் நைனாவைக் கிடத்தியிருந்தோம். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவளுக்கும் நைனாவுக்கும் நடுவில் என்ன பேச்சு நடந்தது என்று எங்களிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அப்படிப்பட்ட பெண்கள்கூட எங்கள் ஊரில் ஒரே ஒரு இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். பிணத்தின் முன்னால். அடித்தது, குடித்தது, மாமியார் சோறு போடாதது, கொண்டவன் ரகசியமாக வாங்கிக் கொடுத்த ஒரு முழம் பூ, எல்லாம் அங்கேதான் வெளியே வரும். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். பிணம் தெருமுனை தாண்டிவிட்டால் அதோடு முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் கேட்கவும் கூடாது, அழுதவள் அந்தச் சொல்லை மறுபடி எடுக்கவும் கூடாது. பிணம் இல்லாத வீட்டில் அப்படி அழுதால் இன்னொரு சாவைக் கூப்பிடுவது மாதிரி.

அம்மா அன்றைக்குக் காலையிலிருந்து அழவே இல்லை. மார்பில் கை வைத்துக்கொண்டு நைனா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேனல்காரன் அவளுக்கு எதிரில் போய் மண்டி போட்டு, கேமராவை வாகாகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இப்டி பாருங்க, உங்க மவன் பாத்துக்கினு இருக்காரு" என்றான். பொய். அந்த நேரத்தில் என் தம்பி வெயிலில் இரும்புக் கம்பி தூக்கிக்கொண்டிருந்தான். ஆனால் அம்மா நம்பிவிட்டாள். ஒரு போட்டோவுக்குக்கூட நேராக நிற்கத் தெரியாதவள், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துத் திரும்பினாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் குழாய்ச் சத்தத்திலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஐயா என் ராசா, மவன் வர்லன்னு மூஞ்சத் திருப்பிக்கினியா. நீ செத்தா வரமாட்டேன்னு அவன் சொன்னத நீ மனசுல வெச்சிக்கலியே. அவன் போன அன்னிக்கி ரைஸ் மில்லு செவுத்தாண்ட நின்னு அந்த வேனப் பாத்துட்டுத்தானே வூட்டுக்கு வந்த, எனக்குத் தெரியாதா. ஆஸ்பத்திரில என் கையப் புட்ச்சிக்கினு இன்னா சொன்ன? எனக்கு எதனா ஆச்சின்னா புள்ளய கூப்ட்டு பேஜார் பண்ணாத, கொழந்த பொறக்கும்போது வரட்டும், மொதல்ல அவன் கையிலதான் குடுக்கணும்னு சொன்னியே. டேய் மவனே, கேட்டுக்கோடா, உங்க நைனாவுக்கு உம்மேல கோவம் இல்லடா."

மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நைனாவின் கால் மேல் சாய்ந்துவிட்டாள். நைனா ரைஸ் மில் பக்கம் போய் நின்றது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். துக்கத்துக்கு நடுவில் ஒரு நிம்மதியும் வந்தது. அப்பாடா, அவன் கேட்டுவிடுவான் என்று நினைத்தேன். தன் வாயால் சொன்ன ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு எத்தனை வருஷம் அவன் அங்கே கிடந்து வேகப்போகிறானோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு, அது போதும் என்று இருந்தது.

எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் தம்பி ரூமுக்குத் திரும்பிக் கூப்பிட்டான். "அம்மா என்னப் பாத்து எதோ சொல்லுது. இன்னா சொல்லிச்சி, சத்தமே வர்லியே" என்றான். சிக்னல் சரியில்லை, ஹெட்போன் போட்டுப் பார் என்றேன். போட்டுத்தான் பார்க்கிறேன் என்றான். அப்புறம் நானே என் போனில் திறந்தேன்.

மசாலாக்காரி வந்தாள், போனாள். நைனா முகம் வந்தது. பறைச் சத்தம் கேட்டது, பெண்கள் அழுவது கேட்டது. அந்தப் பாட்டு மறுபடி ஆரம்பிக்கிற இடம் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு விசில். எவனோ ஒரு வெள்ளைக்காரன் நன்றாகத் தூங்கி எழுந்து, பல் துலக்கி, வெயிலில் நடந்துபோகும்போது அடிக்கிற விசில். கூடவே கிடார், கைதட்டல். அதன் மேல் என் அம்மா முந்தானையைச் சரிசெய்கிறாள், திரும்புகிறாள், வாயைத் திறக்கிறாள், மார்பில் அடித்துக்கொள்கிறாள். அவள் அடித்துக்கொள்வதும் அந்தக் கைதட்டலும் இரண்டு மூன்று இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து விழுந்தன. நான் போனைத் தரையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

தம்பியிடம் அம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். ரைஸ் மில், ஆஸ்பத்திரி, குழந்தை, எல்லாம். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நெசமா?" என்றான். சத்தியம் செய்தேன். சரி என்றான். ஆனால் அவன் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் மீசை முளைத்த நாளிலிருந்து அவனுக்கும் நைனாவுக்கும் நடுவில் தூது போனவள் நான். அவர் திட்டியதைப் பாதியாக்கி, இவன் எகிறியதைப் பாதியாக்கி, ஒட்டவைத்து ஒட்டவைத்து வந்தவள். அது அவனுக்கும் தெரியும். அம்மா வாயால் கேட்க வேண்டும் என்றான்.

அம்மாவிடம் கேட்டேன். "அதான் போட்டோக்காரனப் பாத்துச் சொன்னேனே, அதுல கீதே, கேட்டுக்கட்டும்" என்றாள். வீடியோவில் கொஞ்சம் சத்தம் சரியில்லை, நீயே ஒரு தரம் போனில் சொல்லிவிடு என்றேன். அவள் கையால் மறுத்துவிட்டாள். அந்தச் சொல்லை இனி எடுக்கக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்காரி வீட்டில் இருக்கிறாள் என்று உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே தம்பி பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அதற்கு மேல் அவளை எப்படி வற்புறுத்துவது. அம்மாவுக்கு நான் வீடியோவைக் காட்டவில்லை. காட்டுகிற மாதிரியா அது இருந்தது?

மறுநாளே பஜாருக்குப் போய் அந்த மாடி ஏறினேன். அவன் இட்லி பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டான், மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எங்கள் அம்மா குரலை என்னடா செய்தாய் என்று கேட்டேன். அவனுக்கு நான் கேட்பதே முதலில் புரியவில்லை. அப்புறம் பாடம் நடத்துகிற மாதிரி எடுத்துச் சொன்னான். அந்தப் பாட்டு ஒரு கம்பெனியுடையது. அவர்களிடம் ஏதோ மிஷின் இருக்கிறதாம், எந்த மூலையில் ஒலித்தாலும் அது கண்டுபிடித்துவிடுமாம்.

"பாட்டு எங்களுதுன்னு கம்பெனிக்காரன் க்ளெய்ம் போட்டுட்டான்க்கா. அப்டியே வுட்டிருந்தா வீடியோவும் ஓடும், சத்தமும் இருக்கும். ஆனா விளம்பரத்துல வர்ற காசு பூரா அவனுக்குப் பூடும். பாட்ட எடுத்துட்டா நமக்கு வரும்."

நமக்காம். யாருக்கடா நமக்கு? நான் கேட்டது அவன் காதில் ஏறவில்லை. பாட்டை மட்டும் எடுக்கிற பட்டனைத்தான் அமுக்கினானாம், அது அம்மா குரலையும் சேர்த்து எடுத்துவிட்டதாம். சத்தமே இல்லாமல் இருந்தால் பார்க்கிறவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம், அதனால் இலவசமாகக் கிடைக்கிற மியூசிக்கில் ஒன்றை எடுத்து வைத்தானாம். சோகமாக ஒன்று தேடினேன், அவசரத்தில் இதுதான் கிடைத்தது என்றான். இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே சொன்னான்.

எனக்கு விளங்க வேண்டியதை நன்றாக விளங்கிக்கொண்டேன். அப்படியே விட்டிருந்தால் அம்மா குரல் இருந்திருக்கும். பாட்டு யாருடையதோ அவர்களுக்குக் காசு போயிருக்கும். போகட்டுமே, அவர்கள் கஷ்டப்பட்டுப் போட்ட பாட்டு, ஊரில் எல்லாச் சாவிலும் ஓசியில்தானே ஓடுகிறது, அவர்கள் கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. எங்களிடம் வந்து எடுத்ததற்குச் சித்தப்பா கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டார். அதற்கு மேலும் ஒரு மசாலாக்காரி போடுகிற பிச்சைக்காக இவன் ஒரு பொம்பளையின் வாயை அடைத்திருக்கிறான். அடைத்துவிட்டு அதன் மேல் விசில் வைத்திருக்கிறான்.

கேமராவில் எடுத்தது இருக்குமே, அதைக் கொடு என்றேன். கார்டை அழித்தாகிவிட்டது என்றான். காவாந்தண்டலத்தில் ஒரு காதுகுத்து, அதற்கு அந்தக் கார்டுதான் இருந்ததாம். "நீங்க முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேன்க்கா" என்றான். என்னமோ நான்தான் மறந்துவிட்டேன் என்கிற மாதிரி. வீடியோவையாவது எடுத்துத் தொலை என்று கத்திவிட்டு இறங்கி வந்தேன்.

அதையும் செய்ய முடியவில்லை. எடுக்கச் சொல்லிவிட்டேன் என்று தம்பியிடம் சொன்னதும் அவன் பதறிப்போனான். வேண்டாம்க்கா, நைனா முகம் அதில்தானே இருக்கிறது என்றான். சாவுக்கு வந்தவர்களில் போனைத் தூக்கிப் பிடித்திருந்த எல்லாரையும் தேடிப்போய்க் கேட்டேன். எல்லாரிடமும் நைனா இருந்தார். அம்மா பேசியது யாரிடமும் சரியாக இல்லை. ஒருவரிடம் கொஞ்சம் இருந்தது, அதிலும் குழாய்ப் பாட்டுதான் அலறியது. மறுபடி நானே சேனல்காரனுக்குப் போன் போட்டு, எடுக்காதே, இருக்கட்டும் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் நாக்கே எனக்குக் கசந்தது. அவன் சந்தோஷமாக, "நீங்க சொன்னா சரிக்கா" என்றான்.

ஊரில் யாருக்காவது இது தப்பாகப் படும் என்று நினைத்தேன். யாருக்கும் படவில்லை. சத்துணவுக் கூடத்தில் எனக்குக் கீழே சமைக்கிற அம்மாள், அரிசி களைந்துகொண்டே, உங்கள் நைனா வீடியோ நல்லா வந்திருக்கிறது டீச்சர், மியூசிக்கெல்லாம் போட்டு சினிமா மாதிரி எடுத்திருக்கிறான் என்றாள். மனசாரச் சொன்னாள், பாவம். சித்தப்பாவோ, எவ்வளவு பேர் பார்த்திருக்கிறார்கள் தெரியுமா, அண்ணனுக்கு இவ்வளவு கூட்டம் ஊரில்கூட வரவில்லை என்றார். அந்த விசில் அவர் காதில் விழுந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

தம்பி தினமும் வேலை முடிந்து வந்து கூப்பிடுவான். பேச்சோடு பேச்சாக, அம்மா உதட்டைப் பார்த்தால் "ரைஸ் மில்லு" என்கிற மாதிரிதான் இருக்கிறது என்பான். அடுத்த நாள், இல்லை, அது வேறு ஏதோ என்பான். உள்ளங்கை அளவு போனில் அந்த ஒரு இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மசாலாக்காரி வந்து தின்றுவிட்டுத்தானே போவாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சேனல்காரன் பைக்கில் வீட்டுக்கே வந்தான். நான் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கப்படி வெளியே வராமல் உள்ளே மூலையில் இருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் முகமெல்லாம் பல். போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, வீடியோவின் எந்த இடத்தை எவ்வளவு பார்த்தார்கள் என்று சொல்கிற ஒரு கோட்டைக் காட்டினான். தரையோடு போகிற கோடு ஒரு இடத்தில் மட்டும் குன்று மாதிரி எழும்பியிருந்தது.

"அம்மா திரும்பற எடம்க்கா இது. இங்கதான் போயிப் போயிப் பாக்கறாங்க. எல்லாம் குவைத்துல இருந்து. நம்ப சேனல்லயே எந்த வீடியோவுக்கும் இப்டி வந்ததில்ல."

என் தம்பி ஊமைப் படமாக அவன் அம்மாவைப் பார்த்துப் பார்த்துத் தவித்ததுதான் அந்தக் குன்று. அதைக் காட்டி இவன் இளிக்கிறான். அதோடு விட்டானா? காரியத்தன்று அம்மாவை இன்னொரு தடவை அதே மாதிரி அழச் சொல்லுங்கள் என்றான். இந்த முறை மைக் செட் வேண்டாம், புடவையில் குட்டி மைக் மாட்டிவிடலாம், அம்மா சொந்தமாகச் சொல்லி அழுவது, எந்தக் கம்பெனிக்காரனும் க்ளெய்ம் போட முடியாது, உங்கள் தம்பியும் கேட்ட மாதிரி ஆயிற்று என்றான். பையைத் திறந்து அந்த மைக்கை எடுத்துக் காட்டவும் செய்தான். அதற்குப் பஞ்சு மாட்டியிருந்தது.

த்தூ. அவன் செருப்புக்குப் பக்கத்தில்தான் துப்பினேன். இதுவரை எந்த மனுஷனுக்கு முன்னாலும் நான் அப்படிச் செய்ததில்லை. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டு வாசலில் வந்து ஒப்பாரி வையுங்கள் என்று கேட்கிறாயே, நீ சோறுதானே தின்கிறாய், உன் வீட்டில் ஒருத்தியை உட்காரவைத்து அழச் சொல்லிப் படம் பிடித்துக்கொள் என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன். அவன் கோபப்படவில்லை. டென்ஷன் ஆகாதீங்கக்கா, யோசிச்சிச் சொல்லுங்க என்று மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

திரும்பினால் அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "நான் சொன்னது அவனுக்குப் போவலியா?" என்று கேட்டாள்.

இனி மறைக்க முடியாது. உள்ளே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து வீடியோவைப் போட்டேன். மசாலாக்காரி வந்தாள். யார் இவள் என்று அம்மா கேட்டாள். விளம்பரம் என்றேன். நைனா வந்ததும் அம்மா போனைத் தொட்டாள், படம் நின்றுவிட்டது, மறுபடி ஓடவிட்டேன். அவள் இடம் வந்தது. விசில் ஆரம்பித்தது. அம்மா தன் வாய் அசைவதைப் பார்த்தாள். தன் கை மார்பில் விழுவதைப் பார்த்தாள். உள்ளறையிலிருந்து தம்பி பெண்டாட்டி, என்ன அண்ணி, இன்னும் விளம்பரமா ஓடுகிறது என்று கேட்டாள். அம்மா முந்தானையை எடுத்துத் தலையோடு முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஊரே இதத்தான் பாத்துச்சா" என்றாள் துணிக்குள்ளிருந்து. ஆமாம்மா என்றேன். மத்தியானம் அவள் கஞ்சியைத் தொடவில்லை.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். நடந்ததையெல்லாம் சொன்னேன், அம்மாவும் பார்த்துவிட்டாள் என்றேன். அப்படியென்றால் அம்மாவிடம் கொடு என்றான். அம்மாவே கையை நீட்டினாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. எவ்வளவு நல்லது கெட்டது பார்த்தாலும் பெற்ற வயிறு இல்லையா, இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்து ஸ்பீக்கரைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். தம்பி குரல் கரகரவென்று வந்தது. "மா, நைனா ஆஸ்பத்திரில உன்னாண்ட இன்னா சொன்னாரு? அக்கா சொல்றது நெசமா?"

அம்மா போனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னா சொன்னேன். ஒண்ணும் சொல்லலப்பா. எல்லாரும் அழுவறாப்ல அழுதேன். நீ அதப் பாக்காத."

போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா, அம்மா என்று நான் கூப்பிட்டேன், அவள் திரும்பவில்லை. நான் போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. டேய், அம்மா வெட்கப்பட்டுச் சொல்கிறாள்டா, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்டா என்று சொன்னேன். குழந்தை மேல் சத்தியம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"வுடுக்கா" என்றான். "நான் ஏங்கிப் பூடப்போறன்னுதானே அதெல்லாம் சொன்ன. நீ எப்பவும் அப்டித்தானே."

கோபமே இல்லாமல் சொன்னான்.